சனி பிடித்தது வால்வெள்ளியை மட்டும்தான்

வானத்தில் ஒரு வால்வெள்ளி தென்பட்டால் இந்த நாட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். "நாட்டுக்குக் கேடு, உங்கள் ராசிக்குப் பரிகாரம் இது" என்பது முதல் குரல். அதற்குப் பகுத்தறிவாளர்கள் நூறாண்டாகப் பதில் சொல்லி வருகிறார்கள். இரண்டாவது குரல் படித்த குரல். மேடையில் மைக் பிடித்துப் பேசும். "இதெல்லாம் நம் முன்னோர் என்றோ கண்டறிந்ததுதான், இடையில் நாம் மறந்துவிட்டோம்" என்று பெருமூச்சு விடும். நான் எழுத வந்தது இந்த இரண்டாவது குரலைப் பற்றி. ஏனென்றால் இன்று பாடத்திட்டத்துக்குள் நுழைந்து உட்கார்ந்திருப்பது அதுதான்.

அந்தக் குரலின் அழகான வடிவம் எங்கள் ஊரில்தான் பிறந்தது. 1910இல் ஹாலி வால்வெள்ளி வந்தபோது பாரதி புதுச்சேரியில் தஞ்சம் புகுந்திருந்தார். 'சாதாரண வருஷத்துத் தூமகேது' என்று அதைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார். அதன் வால் மெல்லிய வாயுவால் ஆனது என்பதும், அது 75 ஆண்டுக்கு ஒருமுறை வருவது என்பதும் அந்தப் பாட்டில் இருக்கின்றன. அதனால் தீமை வரும் என்கிறார்களே, மெய்யா பொய்யா என்று அவர் கேட்கிறார். அந்தக் கேள்விக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அதே பாட்டில், நம்மவர் தம் நூல்களை மறந்து பல நூறாண்டு ஆகிவிட்டதாகவும், வால்வெள்ளியின் இயல்பை அந்நியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம் என்றும் வருந்துகிறார்.

யார் மறந்தது? மறப்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள ஏட்டைத் தொட விட்டிருக்க வேண்டும். பாரதி அந்தப் பாட்டை எழுதிய அதே காலத்தில், சென்னையில் 'தமிழன்' இதழை நடத்திக்கொண்டிருந்த அயோத்திதாசப் பண்டிதர், நம்மிடமிருந்து அறிவு பறிக்கப்பட்ட வரலாற்றை வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தார். ஒருவருக்கு மறதியாகத் தெரிந்தது இன்னொருவருக்குப் பறிப்பாகத் தெரிந்தது. அவரவர் நின்ற தெரு அப்படி.

கோள்களுக்கும் சாதி

சரி, மறந்துபோனதாகச் சொல்லப்படும் நூல்களில் என்னதான் இருக்கிறது? 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் 'பிருகத் சம்ஹிதை'யில் கேதுக்களைப் பற்றி ஓர் அத்தியாயமே உண்டு. அவை எப்போது தோன்றும், எப்போது மறையும் என்பதைக் கணக்கால் அறிய முடியாது என்று அவரே தொடக்கத்தில் நேர்மையாக ஒப்புக்கொள்கிறார். கேதுக்கள் 101 என்றும், 1000 என்றும், ஒன்றுதான் என்றும் முன்னோர் பலவாறு சொன்னதைக் குறிப்பிடுகிறார். அதன் பிறகு எந்தக் கேது வந்தால் எந்த நாட்டுக்கு, எந்த அரசனுக்கு என்ன கேடு என்ற பட்டியல் வருகிறது. சுற்றுப்பாதைக் கணக்கு அந்த அத்தியாயத்தில் கிடையாது. அந்தக் காலத்தில் உலகில் யாரிடமும் அது இல்லை, ஆகவே அதற்காக அவரைக் குறைசொல்ல மாட்டேன். 'எல்லாம் அதில் இருக்கிறது' என்று இன்று மேடையில் சொல்பவரைத்தான் குறைசொல்கிறேன்.

ஆனால் இன்னொன்று அங்கே தெளிவாக இருக்கிறது. அவருடைய 'பிருகத் ஜாதகம்' கோள்களுக்கு வருணம் பிரிக்கிறது. வியாழனும் வெள்ளியும் பிராமணருக்கு, சூரியனும் செவ்வாயும் சத்திரியருக்கு, சந்திரன் வைசியருக்கு, புதன் சூத்திரருக்கு. மிச்சமிருக்கும் சனி அந்தியஜருக்கு, அதாவது நமக்கு! பூமியில் ஊரையும் சேரியையும் பிரித்தது போதாதென்று ஆகாயத்திலும் ஒரு சேரி கட்டி வைத்தார்கள். கண்டால் கேடு, பட்டால் கேடு என்று ஊரே அஞ்சி ஒதுங்கும் கோளை யாருக்கு ஒதுக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இது ஏட்டோடு நின்ற விஷயமில்லை. எங்கள் ஆயா பாகூர் பக்கத்து வயல்களில் நடவு நட்டவர். ஒரு ஐப்பசி மாத விடியலில், கிழக்கே துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்ததுபோல ஒரு வெளிச்சம் நின்றதாகச் சொல்வார். என் பெரியப்பா கைக்குழந்தையாக இருந்த ஆண்டு என்பதால் அது 1965. ஆகவே அவர் பார்த்தது இக்கேயா–செக்கி வால்வெள்ளி. பண்ணைக்காரர் வீட்டில் தோஷம் கழிக்கப் பூசை நடந்தது. அதற்கான நெல்லை ஆள்களின் கூலியில் பிடித்தார்கள். "பரிகாரம் அவங்க வீட்டுக்கு, பட்டினி நம்ம வீட்டுக்கு" என்பார் ஆயா.

வால்வெள்ளி எப்படி நடந்துகொள்கிறது?

வால்வெள்ளி என்பது பனியும் தூசியும் கல்லும் சேர்ந்த ஒரு கட்டி. சூரியக் குடும்பம் உருவானபோது கோள்களில் சேராமல் மிஞ்சியவை இவை. பெரும்பாலானவை நெப்டியூனுக்கு அப்பால் குளிரில் கிடக்கின்றன. ஏதோ ஓர் ஈர்ப்பு இழுத்துவிட, சில உள்நோக்கி விழுந்து சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றத் தொடங்குகின்றன. ஹாலியின் பாதை ஒரு முனையில் வெள்ளியின் பாதைக்கும் உள்ளே வருகிறது, மறுமுனையில் நெப்டியூனுக்கும் வெளியே போகிறது. சூரியனை நெருங்கும்போது அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 54 கிலோமீட்டர். தொலைவு முனையில் ஒரு கிலோமீட்டரும் இல்லை. அதோடு, கோள்கள் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் அது சுற்றுகிறது.

வெயில் ஏற ஏறப் பனி உருகாமல் நேரடியாக ஆவியாகிறது. அந்த ஆவி தூசியையும் கிளப்பிக்கொண்டு வருகிறது. சூரிய ஒளியின் அழுத்தம் தூசியைத் தள்ளுவதால் வளைந்த ஒரு வாலும், சூரியக் காற்று மின்னேற்ற வாயுவைத் தள்ளுவதால் நேரான நீல வாலும் உண்டாகின்றன. அதனால்தான் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீள்கிறது. சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வால்வெள்ளி தன் வாலை முன்னே விட்டுக்கொண்டு போகும். அது உதிர்த்த தூசிப் பாதையைப் பூமி கடக்கும்போது எரிகற்கள் பொழியும். ஆண்டுதோறும் மே மாதத்திலும் அக்டோபரிலும் ஹாலியின் தூசியை நாம் எரிகற்களாகப் பார்க்கிறோம்.

1986 மார்ச்சில் ஐரோப்பாவின் ஜியோட்டோ விண்கலம் ஹாலியின் கருவிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்று படம் எடுத்தது. சுமார் 15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கரு, தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்புகிறது. கரியைப் போலக் கருத்த உடம்பு அது. ஊரே அண்ணாந்து பார்க்கும் அந்த வெள்ளை ஒளி முழுவதும் அந்தக் கருப்பிலிருந்து கிளம்பியதுதான்.

1910 மே மாதத்தில் பூமி ஹாலியின் வாலுக்குள் புகுந்து வெளிவரும் என்று கணித்தார்கள். வாலில் சயனோஜன் என்ற நச்சு வாயு இருப்பது தெரிந்திருந்ததால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பீதி பரவியது. 'வால்வெள்ளி மாத்திரை' விற்றுக் காசு பார்த்தவர்களும் உண்டு. மூடத்தனம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஆனால் வால் அவ்வளவு மெலிது, ஒன்றும் ஆகவில்லை. அது தீண்டியிருந்தால் அக்ரகாரத்தையும் சேரியையும் ஒரே இரவில், ஒரே அளவில் தீண்டியிருக்கும். யாருக்குத் தீட்டு, யார் யாருக்குப் பரிகாரம் செய்வது?

சனி பிடித்த கதை

1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் வந்தவை ஒரே வால்வெள்ளிதான், 1758இல் மீண்டும் வரும் என்று எட்மண்ட் ஹாலி 1705இல் எழுதினார். 1742இல் இறந்தும் போனார். அது வருவதற்கு முன் பாரிசில் கிளேரோ, லலாந்து, நிக்கோல்-ரேன் லெபோத் என்ற பெண் கணிதர் ஆகிய மூவரும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வியாழனின் ஈர்ப்பு அதை 518 நாளும், சனியின் ஈர்ப்பு 100 நாளும் தாமதப்படுத்தும், 1759 ஏப்ரல் நடுவில் சூரியனுக்கு மிக அருகில் வரும் என்றார்கள். வந்தது மார்ச் 13. ஒரு மாதம் பிசகியது, அவ்வளவுதான். எந்த மனிதரையும் பிடிக்காத சனி, ஒரு வால்வெள்ளியைப் பிடித்து 100 நாள் நிறுத்தியது உண்மை.

திரும்பி வந்த வால்வெள்ளியை முதலில் கண்டவர் பாரிஸ் வானாய்வகத்து அறிஞர் அல்ல. 1758 டிசம்பர் 25 அன்று ஜெர்மனியில் டிரெஸ்டன் அருகே பாலிட்ச் என்ற விவசாயி தன் தொலைநோக்கியில் கண்டார். என் வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஹாலி சொன்னது அறிவியலானதற்குக் காரணம் அவருடைய குலமோ ஏட்டின் பழமையோ அல்ல. இந்த ஆண்டில் பார், இல்லையென்றால் நான் சொன்னது பொய் என்று அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். ஏர் பிடித்தவரும் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்ல முடிந்தது.

இப்போது நம் சனிக்கு வருவோம். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் காரைக்காலில் திருநள்ளாறு இருக்கிறது. சனிப்பெயர்ச்சி என்றால் லட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள், அரசு நிர்வாகமே ஏற்பாடு செய்கிறது. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது 2023 ஜனவரியில். திருநள்ளாறு கோவில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2023 டிசம்பர் 20. வானத்தில் இருப்பது ஒரே சனி, இங்கே அதற்குப் பதினோரு மாத இடைவெளியில் இரண்டு பெயர்ச்சி! பழைய வாய்பாட்டை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாததன் விளைவு இது. ஏன் திருத்தவில்லை? தப்பு என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லாத இடத்தில் திருத்தம் எப்படி வரும்?

எங்கள் ஊர் வானம்

1689 டிசம்பரில் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார் புதுச்சேரியிலிருந்து ஒரு வால்வெள்ளியைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், வெறும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ஆல்ஃபா சென்டாரி உண்மையில் இரண்டு விண்மீன்கள் என்று கண்டார். இந்திய மண்ணிலிருந்து தொலைநோக்கியால் நிகழ்ந்த முதல் கண்டுபிடிப்புகளில் அது ஒன்று.

ஐரோப்பாவுக்கு நான் ஆரத்தி எடுக்கவில்லை. அதே புதுச்சேரியில், கோவிலுக்குள் தலித் கிறித்தவர்களைத் தனியே பிரித்து நின்ற ஒரு சுவர் குறித்து 1745இல் எழுந்த பூசலை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு பதிவு செய்கிறது. விண்மீன் இரண்டு என்று பார்க்கத் தெரிந்த சபைக்கு, மனிதர் ஒன்று என்று பார்க்கத் தெரியவில்லை. லெபோத் செய்த கணக்கைக் கூடக் கிளேரோ தன் நூலில் சொல்லாமல் விட்டார். அறிவை ஒருசிலர் சொத்தாக்கும் புத்தி எல்லாக் கடற்கரையிலும் உண்டு. நம் கடற்கரையில் அதற்குச் சாத்திரமும் பிறப்பும் காவல் நின்றன.

1825இல் ஜான் வாரன் வெளியிட்ட 'காலசங்கலிதம்' என்ற நூலில், புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர் வருகிறார். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாய்பாடுகளைக் கொண்டே அந்த ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் சில நிமிடம்தான் பிழை. திறமை, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஏன் அப்படி வருகிறது என்பது அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். ஆயிரம் ஆண்டுச் சேமிப்பின் கதி இதுதான். சில குடும்பங்களுக்குள் பூட்டி வைத்த அறிவு, காரணத்தை இழந்து மனப்பாடமாக மிஞ்சியது. பூட்டுக்கு வெளியே, நட்சத்திரம் பார்த்து வலை வீசியவரும் விடிவெள்ளி பார்த்து ஏர் பூட்டியவரும் இருந்தார்கள். அவர்கள் பார்த்தது உள்ளே போகவில்லை. உள்ளே இருந்த கணக்கு வெளியே வரவில்லை. சாதி அறிவைப் பாதுகாத்தது என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

பாடமாகிவிட்ட 'மறதி'

2001இல் பல்கலைக்கழக மானியக் குழு சோதிடத்தை 'ஜோதிர் விஞ்ஞான்' என்ற பெயரில் பட்டப்படிப்பாக்கியது. எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2004இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 2021இல் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் சோதிடத்தில் முதுகலைப் படிப்பு தொடங்கியது. 2023இல், ஒவ்வொரு மாணவரும் தம் படிப்பில் குறைந்தது 5 விழுக்காட்டை 'இந்திய அறிவு மரபு'க்கு ஒதுக்க ஊக்குவிக்க வேண்டும் என்று மானியக் குழு வழிகாட்டுதல் தந்தது. எந்த இந்தியரின் அறிவு என்று மட்டும் கேட்கக் கூடாது. நான் அறிவியல் வரலாற்றில் ஆய்வு செய்கிறேன். ஒரு கருத்தரங்கில் இதைக் கேட்டேன். "உங்க ஆட்களுக்கு எல்லாத்திலும் சாதிதான் தெரியுமா?" என்று பதில் வந்தது. கோள்களுக்குச் சாதி பிரித்தவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி அது.

இந்தப் பதில் புதிதல்ல. விண்மீன்களின் நிறமாலையைப் படிக்கும் சமன்பாட்டை 1920இல் உலகுக்குத் தந்த மேகநாத் சாகா, கல்கத்தா விடுதியில் உயர்சாதி மாணவர்கள் சேர்ந்து உண்ண மறுத்த மாணவர். வால்வெள்ளியின் தூசி வாலைத் தள்ளும் அதே ஒளியழுத்தம் பற்றி 1919இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர். அவருடைய ஆய்வைக் கேட்ட டாக்கா வழக்கறிஞர் ஒருவர், இதில் என்ன புதிது, எல்லாம் வேதத்தில் இருக்கிறதே என்றாராம். எந்த இடத்தில் என்று கேட்டால், நான் வேதம் படித்ததில்லை, ஆனால் இருக்கும் என்று நம்புகிறேன் என்றாராம். இதைச் சாகாவே எழுதியிருக்கிறார். நம் காலத்தில் கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக ஆசைப்பட்ட ரோகித் வெமுலாவை 2016 ஜனவரியில் இழந்தோம். அவருடைய உதவித்தொகை மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. விண்மீன்களை நேசித்த ஒருவரைத் தரையில் வாழ விடாத நாடு, 'மரபு அறிவு' பற்றி வகுப்பு எடுக்கிறது.

ஆகவே நம் கோரிக்கைகள் நேரானவை. சோதிடத்தை அறிவியல் என்ற பெயரில் கற்பிக்கும் படிப்புகளுக்கு அரசுப் பணம் கூடாது. 'மரபு' கற்பிக்கத்தான் வேண்டும் என்றால், அந்த மரபு யாரை எந்த விதியால் வெளியே நிறுத்தியது என்பதும் அதே பாடத்தில், அதே மதிப்பெண்ணோடு இருக்க வேண்டும். வானியல், இயற்பியல் ஆய்வு நிறுவனங்கள் தம் ஆசிரியர்களிலும் ஆய்வாளர்களிலும் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று துறைவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆய்வு உதவித்தொகை மாதம் தவறாமல் வர வேண்டும். கடற்கரைச் சாலையில் தொலைநோக்கி வைக்கும் தோழர்கள் அதைப் பாகூருக்கும் வில்லியனூருக்கும், அங்குள்ள காலனிகளுக்கும் கொண்டுபோக வேண்டும்.

ஹாலி வால்வெள்ளி 2023 டிசம்பரில் தன் பாதையின் கடைக்கோடியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டது. 2061 ஜூலையில் சூரியனை நெருங்கும். இன்று காலனிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண் குழந்தைக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். அதன் பாதையைக் கணிக்கும் நாற்காலியில் அவள் அமர்ந்திருப்பாளா, அல்லது யாருடைய பரிகாரத்துக்கோ அவளுடைய கூலியில் பிடித்துக்கொண்டிருப்பார்களா என்பதைத் தீர்மானிப்பது எந்தக் கோளும் அல்ல. இந்த 30 சொச்சம் ஆண்டுகளில் நாம் நடத்தும் போராட்டம்தான்.