கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்!

"மத்தியானம் பஸ் ஏறறப்போ கையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தேன், மாமி. அப்போ பிடிச்சு கையை அசைக்கவே மாட்டேங்கறான்" என்று பக்கத்து வீட்டுப் பெண் 2 வயதுப் பையனுடன் வந்து நின்றாள். சுளுக்குத்தான் என்று மாமியார் எண்ணெய் காய்ச்சிக் கொண்டிருந்தாராம்.

பையனுக்கு வீக்கம் ஏதுமில்லை. முழங்கை லேசாக மடங்கி, உள்ளங்கை உள்பக்கம் திரும்பியபடி கை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. பிஸ்கெட்டை மற்றக் கையால்தான் வாங்கிக் கொண்டான்.

முழங்கைக்கு இரண்டு ஜோடி அசைவுகள். மடக்குவதும் நீட்டுவதும் ஒன்று. கதவுக் கீல் மாதிரி. மற்றது திருப்புவது. கோயிலில் தீர்த்தம் வாங்கக் கையை ஏந்துகிறோமே, அதை டாக்டர்கள் 'ஸுபினேஷன்' என்பார்கள். கோலம் போடக் கவிழ்க்கிறோமே, அது 'ப்ரொனேஷன்'. முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நீங்களே செய்து பாருங்கள். முன்கையில் இரண்டு எலும்புகள். ஏந்தும்போது பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கவிழ்த்தால் கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன் குறுக்கே திரும்பிவிடும். சுழல வசதியாக அதன் மேல்நுனி வட்டமாக இருக்கிறது; வளையம் போன்ற ஒரு நார் அதைப் பிடித்துக் கொண்டிருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு இந்தப் பிடி தளர்வு. நீட்டிக் கவிழ்ந்திருக்கும் கையை வெடுக்கென்று இழுத்தால், வளையம் நழுவி மூட்டுக்குள் சிக்கிக் கொள்ளும். 5 வயதுக்கு மேல் இது அபூர்வம்.

அவளோடு நானும் டாக்டரிடம் போனேன். அவர் கையை ஏந்தினாற்போல் திருப்பி மடக்கினார். ஒரே வீறிடல். பத்து நிமிஷத்தில் அதே கையால் ஸ்டெதாஸ்கோப்பை இழுக்கிறான், படவா!

பார்க்கச் சுலபமாக இருக்கிறதே என்று வீட்டில் யாரும் முயல வேண்டாம். எலும்பு முறிவாக இருந்தால் வினை. விழுந்திருந்தாலோ வீக்கம் தெரிந்தாலோ முதலில் எக்ஸ்ரே எடுக்கத்தான் சொல்வார்கள். எண்ணெய் போட்டு உருவுவதும் கூடாது.

குழந்தையைத் தூக்குவதென்றால் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஊஞ்சல் ஆட்டுவார்களே, அதை முதலில் நிறுத்துங்கள். சட்டைக் கைக்குள் கையை இழுத்து நுழைப்பதும் அப்படியே. ஒரு தரம் நழுவிய கை மறுபடியும் நழுவக்கூடும்.

காய்ச்சிய எண்ணெய் வீணாகவில்லை. மாமியார் தன் முழங்காலுக்குத் தேய்த்துக் கொண்டாராம்.