கோபுரம் ஏறிய பையனும் வீட்டை விட்டு ஓடிய பையனும்

ஒரகடம் கூட்டு ரோட்டில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். கழுத்திலே அட்டை, தோளிலே பை, கண்ணிலே தூக்கம், இப்படி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் கொஞ்சம். தெற்குச் சீமையிலிருந்து வந்தவர்கள் ஏராளம். சென்ற வாரம் டீக்கடையிலே அப்படி ஒரு பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எந்த ஊர் தம்பி?"

"பரமக்குடிப் பக்கம்ணே."

"வீட்டிலே சொல்லிக்கொண்டுதானே வந்தாய்?"

சிரித்தான். "அப்பாவோட சண்டைண்ணே. ஐ.டி.ஐ. முடிச்சிட்டுச் சும்மா இருக்கேன்னு ஒரே ஏச்சு. ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுத்தான் போன் பண்ணினேன்."

"கான்சாகிபு தெரியுமா? உன் சீமைக்காரன்தான்."

"தெரியாதுண்ணே."

"ராபர்ட் கிளைவ்?"

"அது தெரியும்ணே. பாடத்துல வந்துச்சு. அஞ்சு மார்க் கேள்வி."

கேட்டீர்களா! ஆயிரக்கணக்கான கல்லுக்கு அப்பால் பிறந்தவன் ஐந்து மார்க். பக்கத்து ஊரிலே பிறந்தவன் பூஜ்யம்! பையன்மீது குற்றமில்லை. கிளைவின் குழந்தைப் பருவத்தைக்கூட ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். 1725 செப்டம்பர் 29-ல், இங்கிலாந்திலே மார்க்கெட் டிரேட்டன் என்ற ஊருக்கு அருகே பிறந்தான். படிப்பு ஏறவில்லை, பள்ளி மாறிப் பள்ளி மாறி அலைந்தான். ஊர் மாதாகோயில் கோபுரத்தில் ஏறி, கல்லிலே செதுக்கிய பூதத்தின் தலைமேல் உட்கார்ந்துகொண்டான். தெருப் பையன்களைத் திரட்டிக்கொண்டு போய், "காசு கொடு, இல்லையேல் கண்ணாடி உடையும்" என்று கடைக்காரர்களை மிரட்டினான். நம் ஊரிலே இதைச் செய்தால் என்ன பெயர்? போக்கிரி! அங்கே? வருங்கால வீரனின் வளரும் துணிவு!

வீட்டார் சலித்துப்போனார்கள். ஆனால் அப்பாவுக்கு ஆள் தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனியிலே எழுத்தர் வேலை வாங்கிக் கொடுத்துக் கப்பலேற்றி விட்டார். 1744-ல் சென்னையில் வந்து இறங்கும்போது வயது பதினெட்டு. ஆண்டுச் சம்பளம் ஐந்து பவுன்! தனிமை தாளாமல் துப்பாக்கியைத் தலையில் வைத்துச் சுட்டுப் பார்த்தான், அது வெடிக்கவில்லை என்கிறார்கள். நேற்றுவரை கணக்கு எழுதிய அதே கையிலே கம்பெனி வாளைக் கொடுத்தது. 1751 ஆகஸ்டில், ஐந்நூறு பேரோடு சென்னையிலிருந்து புறப்பட்டு, நம்முடைய காஞ்சிபுரம் வழியாகச் சென்று ஆர்க்காட்டுக் கோட்டையைப் பிடித்தபோது அவனுக்கு இருபத்தைந்து வயது.

இப்போது மற்றொரு பையனைப் பாருங்கள். ஏறக்குறைய அதே 1725-ல், இராமநாதபுரம் சீமைப் பனையூரில் பிறந்தவன். மருதநாயகம் என்பது பெற்றோர் இட்ட பெயர் என்பது ஊர் வழக்கு. அவனும் அடங்காத பிள்ளை. அவனும் வீட்டுக்கு ஆகாத பிள்ளை. ஆனால் அவன் அப்பாவுக்கு எந்தக் கம்பெனியில் ஆள் தெரியும்? ஓடினான்! இஸ்லாத்தைத் தழுவி முகமது யூசுப் ஆனான். புதுச்சேரியில் ஐரோப்பியர் வீட்டு வேலைக்காரனாக இருந்தான். அவர்கள் மொழி பேசக் கற்றான். இவ்வளவுதான் கிடைக்கிறது, தோழர்களே! எந்த மரத்தில் ஏறினான், யாரிடம் அடி வாங்கினான், என்று தாயைப் பிரிந்தான் என்று எழுத ஒரு பேனா இல்லை. வேலைக்காரனுக்கு வாழ்க்கை வரலாறு எதற்கு என்று எண்ணிய காலம்!

கோபுரம் ஏறியவனும் வீட்டை விட்டு ஓடியவனும் சந்தித்தார்கள். 1752-ல் காவேரிப்பாக்கம் சண்டையை ஒட்டிய நாட்களில் யூசுப் கிளைவின் படையிலே சேர்ந்தான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கம்பெனியின் சிப்பாய்ப் படைக்கெல்லாம் தலைவன்! வேலைக்காரனாக நின்றபோது வெள்ளைக்காரனின் மொழியைக் கற்றவன், சிப்பாயாக நின்றபோது அவனுடைய போர்முறையையும் கற்றுக்கொண்டான். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, தெற்கேயிருந்து படையோடு ஓடிவந்தவன் அவன்தான். நம் ஒரகடத்துக்கு எட்டிய செங்கல்பட்டைத் தளமாகக் கொண்டு, பிரஸ்டன் என்ற ஆங்கிலத் தளபதியோடு தோள்சேர்ந்து, பரங்கிமலை வரை பாய்ந்து பாய்ந்து லாலியின் படையை அலைக்கழித்தான். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டான். கம்பெனி இவனுக்குத் தங்கப் பதக்கமே தந்திருந்தது, வீரத்துக்கும் விசுவாசத்துக்கும்!

மாலை போட்டுக் கும்பிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாளையக்காரர்களை அடக்கக் கம்பெனி ஓங்கிய சம்மட்டி அவன்தான். நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவனின் கோட்டைகள் அவன் கையால்தான் விழுந்தன. அதை மறைத்துப் பேசுவது நாணயமல்ல. தமிழன் தமிழனை வீழ்த்த, கம்பெனி கணக்கெழுதிய காலம் அது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். மதுரையும் நெல்லையும் அவன் நிர்வாகத்துக்கு வந்தன. வரி ஒழுங்காக வந்தது, வழிப்பறி ஒடுங்கியது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்குப் பொறுக்குமா? "இவன் எனக்கு அடங்கியவன்" என்றார் நவாபு. "கம்பெனிக்கு நேரே கட்டுகிறேன், நவாபுக்கு அல்ல" என்பது இவன் நிலை. கம்பெனி யார் பக்கம் நின்றது? கடன்பட்ட நவாபின் பக்கம்! பதக்கம் கொடுத்த கை பீரங்கியைத் திருப்பியது. 1763-ல் ஒரு முற்றுகை, 1764-ல் மறு முற்றுகை. செங்கல்பட்டிலே தோள்சேர்ந்து நின்ற அதே பிரஸ்டன், மதுரை மதில் தாக்குதலிலே படுகாயமுற்று மாண்டான். மதிலை உடைக்க முடியவில்லை, மனிதர்களை உடைத்தார்கள். உள்ளிருந்தவர்களே தொழுகையில் இருந்தவனைப் பிடித்துக் கட்டிக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ல் தூக்கு. வயது நாற்பதை எட்டவில்லை.

அந்த நாளில் கிளைவ் எங்கே? கப்பலிலே! 1762-லேயே பிரபுப் பட்டம் பெற்றுவிட்டு, வங்காளத்தின் கவர்னராக மறுபடி வந்துகொண்டிருந்தான்.

கான்சாகிபுவின் நினைவை யார் காத்தார்கள்? மதுரை சம்மட்டிபுரத்திலே ஒரு தர்கா. ஊர் ஊராகப் பாடிய 'கான்சாகிபு சண்டை' என்ற நாட்டார் கதைப்பாடல். 1997 அக்டோபரில் அவன் கதையைத் திரைப்படமாக்கத் தொடக்க விழா நடந்தது. வந்திருந்தவர் இங்கிலாந்து அரசியார்! என்ன பொருத்தம் பாருங்கள்! படம் முடிவடையவில்லை.

இவ்வளவையும் அந்த டீக்கடையிலே நான் சொல்லி முடிக்கவில்லை. பையன் கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அதிலே "பயிற்சியாளர்" என்று இருந்தது.

"எத்தனை நாள் பயிற்சி தம்பி?"

"ரெண்டு வருஷம்ணே. அப்புறம் அனுப்பிருவாங்க. வேற கம்பெனியில திரும்பவும் பயிற்சிதான்."

மூன்றாவது கம்பெனியாம் இது. இயந்திரம் நின்றால் நிரந்தரத் தொழிலாளிக்கு முன்னால் இவனைத்தான் கூப்பிடுவார்களாம். அதைப் பெருமையாகச் சொன்னான்!

திருப்பெரும்புதூர், வல்லம், ஒரகடம் வட்டாரத்துக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நம் படிப்பகங்களிலே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வையுங்கள். இந்தப் பிள்ளைகள் எந்த ஊர், என்ன படிப்பு, ஏன் புறப்பட்டார்கள், எத்தனை கம்பெனியில் எத்தனை ஆண்டு பயிற்சி என்று அவர்கள் வாயால் கேட்டு எழுதுங்கள். தொழிற்சங்கத்துக்கும் அது வேண்டும், தொழிலாளர் துறை வாசலில் போய் நிற்கும்போதும் வேண்டும். பேனா நம் கையில் இருக்கிறது, 1725 அல்ல இது.

பஸ் வந்துவிட்டது. பையன் எழுந்தான்.

"அந்த ஆள் வீட்டுக்குத் திரும்பிப் போனானாண்ணே?"

"மதுரை வரைக்கும் போனான் தம்பி. கவர்னராக."

"மிச்சத்த ஞாயித்துக்கிழமை சொல்லுங்கண்ணே" என்று படியில் தொற்றிக்கொண்டான். காலை பத்து மணிக்குப் படிப்பகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.