வெட்கத்தால் மறைக்கப்படும் நோய்: மலச்சிக்கல்

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் பற்றி நாம் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றே பேசிக்கொள்கிறோம். மலச்சிக்கலைப் பற்றி வீட்டுக்குள்கூட வாய் திறப்பதில்லை. ஆனால் இது அரிதான நோயல்ல.

பல நாடுகளில் பொதுமக்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான கணக்கின்படி, வயது வந்தோரில் சுமார் 14 சதவீதம் பேருக்கு நாட்பட்ட மலச்சிக்கல் இருக்கிறது. அதாவது ஏழு பேரில் ஒருவர். பெண்களிடம் இது ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. 33 நாடுகளில் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வின் இணையவழிக் கணக்கெடுப்பில் சுமார் 12 சதவீதம் வந்தது.

எண்கள் வேறுபட முக்கியக் காரணம் வரையறைதான். 'தினமும் போகவில்லை என்றால் மலச்சிக்கல்' என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை போவது இயல்பே. மாறாக, தினமும் போயும் அடிக்கடி முக்க வேண்டியிருப்பது, மலம் கட்டியாக இருப்பது, முழுதாகப் போகாத உணர்வு ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தால், அதுவும் மலச்சிக்கல்தான்.

பெண்களிடம் இது அதிகமாக இருக்க ஹார்மோன் மாற்றம், கர்ப்பம், பிரசவத்தால் தளரும் தசைகள் எனப் பல காரணங்கள் உண்டு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு மலச்சிக்கலைத் தரும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் மாற்று வழி உண்டு. சொல்வதற்குத்தான் வெட்கம் தடையாக நிற்கிறது.

மார்க்கம் இந்த வெட்கத்தைக் கற்றுத்தரவில்லை. மலஜலம் கழிக்கும் ஒழுங்கைக்கூட உங்கள் நபி கற்றுத்தருகிறாரா என்று இணைவைப்போர் கேட்டபோது, ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) தயங்காமல் ஆம் என்றார்கள். மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) பாராட்டினார்கள். மலஜலத்தை அடக்கிக்கொண்டு தொழுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தொழுகைக்கே அடக்கக் கூடாது என்றால், கடைத்தெருவிலும் பயணத்திலும் கல்யாண வீட்டிலும் நம் பெண்கள் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டிருப்பது எப்படிச் சரியாகும்? பள்ளிவாசலிலும் மண்டபத்திலும் பெண்களுக்குச் சுத்தமான, மறைவான கழிப்பறை அமைப்பது ஜமாஅத்தின் கடமை.

வீட்டிலும் மாற்றம் வேண்டும். பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். புரோட்டாவும் பிரியாணியும் மட்டும் அதைத் தராது. கீரை, காய்கறி, பழம், பயறு, முழு தானியம் தட்டில் சேர வேண்டும். ரமளானில் இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையே போதிய தண்ணீர் குடிக்க வேண்டும். உணர்வு வந்தால் தள்ளிப்போடக் கூடாது.

மலத்தில் ரத்தம், காரணமின்றி எடை குறைவது, 50 வயதுக்குமேல் திடீரெனப் பழக்கம் மாறுவது ஆகியவை குடல் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். இவற்றைக் கண்டால் மூலம் என்று நாமே முடிவுகட்டி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டிருக்காமல், உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் வீட்டுத் தாய்மார்களிடமும் முதியவர்களிடமும் இதைக் கனிவாகக் கேட்டறிவோம். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக!