மனுப் போட்டது போதும், நகல் கேளுங்கள்!



குடிசை இடிக்க நோட்டீஸ் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? தலைவர் வீட்டு வாசலுக்கு ஓடுகிறோம். தரகன் கையில் பணத்தைத் திணிக்கிறோம். "ஐயா, பார்த்துச் செய்யுங்கள்" என்று மனு எழுதுகிறோம். இடிக்கும் வண்டி வரும் அன்று தலைவரும் இல்லை, தரகனும் இல்லை!

வரலாற்றைப் பாருங்கள். 1961இல் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்தார் நிலமற்ற கூலித் தமிழர் ஒருவர். 1981 ஜூலையில் அவர் குடிசையை இடித்து, குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கே அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தார். உச்ச நீதிமன்றப் படி ஏறினார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று நாடறிந்த அந்த வழக்கில் அவரும் மனுதாரர். பிழைக்கும் உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985 ஜூலை 10ஆம் நாள் தீர்ப்பு வந்தது.

ஆனால் இடிப்பதையே அந்தத் தீர்ப்பு தடுத்துவிட்டதா? இல்லை. மாற்று இடம் யாருக்கு என்றது? 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றவர்களுக்கு! உரிமை எல்லோருக்கும், இடமோ காகிதம் உள்ளவனுக்கு. இதுதான் நாம் படிக்க வேண்டிய பாடம்.

அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது? அலுவலக அலமாரியில். கணக்கெடுப்புப் பட்டியல், தகுதியானவர் பெயர் அடங்கிய அனெக்சர் இரண்டு, உங்கள் பெயரைத் தள்ளிய அதிகாரியின் குறிப்பு எல்லாம் அங்கேதான். அதைக் கேட்க 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு அதுவும் வேண்டாம். ஏன் கேட்கிறாய் என்று கேட்க அதிகாரிக்கு உரிமை இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர அவரே உதவ வேண்டும். 30 நாளில் பதில். தாமதித்தால் நகல் இலவசம். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதித்த அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 வரை அபராதம்.

"இலவச வக்கீல் ஒன்றும் செய்வதில்லை" என்று குறைபடுகிறோம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உண்டு. வெறுங்கையோடு போனால் அவர் எதை வைத்து வாதாடுவார்? சான்றிட்ட நகலைக் கொடுங்கள். பிறகு கேளுங்கள், ஏன் வாதாடவில்லை என்று!

"கேள்வி கேட்டால் பகை வரும்" என்கிறார்கள். பொய்யில்லை. தகவல் கேட்டுப் போராடிய சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியில் புனே அருகே கொல்லப்பட்டார். ஆகவேதான் சொல்கிறோம்: தனியே கேளாதீர்கள். சால் முழுவதும் ஒரே நாளில் ஐம்பது விண்ணப்பம் போடட்டும்! அடுத்தவர் விவரத்தை அந்தரங்கம் என்று மறுக்க 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது. எனவே அவரவர் வீட்டுக்கு அவரவரே கேளுங்கள்.

நோட்டீஸ் வந்தபின் 30 நாள் யார் தருவார்? இப்போதே கேளுங்கள். விண்ணப்பம் மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். பள்ளி செல்லும் உங்கள் மகள் எழுதுவாள். பத்து ரூபாய் ஸ்டாம்புக்கு முன் பதில் சொல்லக் கடமைப்பட்டவரிடம், பத்தாயிரம் கொடுத்துக் கும்பிடுவது ஏன்?