எழுத்துத் தேர்வும் மொழியின் வாழ்வும்: ஒரோமோ, ஜோங்கா மொழிகளை முன்வைத்து

முன்னுரை

ஒரோமோ, ஆப்பிரோ-ஆசிய மொழிக் குடும்பத்தின் குசிட்டிக் கிளையைச் சார்ந்தது; எத்தியோப்பியாவிலும் கென்யாவின் வடபகுதியிலும் வழங்குவது. ஜோங்கா, சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சார்ந்தது. பூட்டானின் தேசிய மொழி. இவ்விரண்டிற்கும் இடையே குடும்ப உறவு இல்லை. வினை தொடரின் இறுதியில் நிற்கும் அமைப்பு இரண்டிற்கும் பொதுவாயினும், அது தமிழ், ஜப்பானியம் உள்ளிட்ட பல மொழிகளிலும் காணப்படுவதாகலின், அதனைக் கொண்டு எதனையும் நிறுவுதல் இயலாது. இவற்றைப் பயனுற ஒப்பிடுதற்குரிய களம் எழுத்துமுறையே ஆகும். 1991ஆம் ஆண்டில் இவ்விரு மொழிகளுக்கும் உரோமன் எழுத்துமுறை ஏற்கப்பட்டது. ஒரோமோவில் அது பள்ளிக்கூடத்தின் எழுத்தாயிற்று. ஜோங்காவில் துணைக்கருவியாகவே நின்றுவிட்டது. ஒலிக்குப் பொருந்திய எழுத்தே சிறந்த எழுத்து என்னும் பரவலான கருத்தை மீளாய்வு செய்ய இவ்வேறுபாடு இடந்தருகிறது.

ஒரோமோ: குபே எழுத்து

ஒரோமோ மொழியில் ஐந்து குற்றுயிர்களும் அவற்றிற்கு இணையான ஐந்து நெட்டுயிர்களும் உள்ளன. ‘லஃப’ என்பது நிலத்தையும் ‘லாஃபா’ என்பது மென்மையையும் குறிக்கும். மெய் இரட்டித்தலும் பொருளை வேறுபடுத்தும். ‘தீய’ என்னும் பொருள்தரும் சொல்லின் இடைமெய் இரட்டித்தால் ‘மேட்டுநிலம்’ என்றாகும். படம், பாடம், பட்டம் என்னும் சொற்களை வேறுபடுத்தி எழுதிப் பழகிய தமிழர்க்கு இதன் இன்றியமையாமை எளிதில் விளங்கும். எத்தியோப்பிய எழுத்தோ ஒவ்வொரு மெய்க்கும் ஏழு உயிர்மெய் வடிவங்களையே கொண்டது, இரட்டிப்பைக் குறிப்பதில்லை. எனினும் ஒனேசிமோஸ் நெசிப் மொழிபெயர்த்து 1899இல் வெளிவந்த விவிலியம் அவ்வெழுத்திலேயே அச்சேறியது. ஷேக் பக்ரி சபாலோ 1956இல் ஒரோமோவுக்கெனத் தனி எழுத்தொன்றை உருவாக்கினார். அரசின் எதிர்ப்பால் அது பரவவில்லை. ஹெய்லி செலாசி ஆட்சியில் கல்வி, ஆட்சித்துறை ஆகியவற்றில் ஒரோமோவுக்கு இடம் மறுக்கப்பட்டிருந்தது. ஆட்சி மாற்றத்திற்குப் பின் 1991 நவம்பர் 3 அன்று ‘குபே’ எனப்படும் உரோமன் நெடுங்கணக்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதில் நெடிலும் இரட்டிப்பும் எழுத்தை இருமுறை எழுதுவதால் உணர்த்தப்படுகின்றன.

ஜோங்கா: மரபெழுத்தின் நிலைபேறு

‘ஜோங்’ என்பது கோட்டை. ‘கா’ என்பது மொழி. கோட்டைகளில் வழங்கிய மொழி என்பது பெயர்ப்பொருள். 1960கள் வரை பூட்டானில் எழுத்து வழக்கு ‘சோகே’ எனப்படும் செவ்வியல் திபெத்திய மொழியிலேயே இருந்தது. அதன் எழுத்தும் எழுத்துக்கூட்டலும் ஜோங்காவுக்கு வந்தமையின், எழுத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி மிகுதி. நாட்டின் பெயரிலேயே அமைந்த, இடிநாகத்தைக் குறிக்கும் சொல் ‘ட்ருக்’ என ஒலிக்கப்படுகிறது. எழுதப்படுவதோ பகரமும் ரகரமும் கூடி, முன்னொட்டெழுத்தொன்றும் பெற்ற வடிவில். உயர்வு, தாழ்வு என்னும் தொனி வேறுபாட்டையும் மரபெழுத்து நேரடியாகக் குறிப்பதில்லை. இவற்றைத் தெளிவாகக் காட்டும் உரோமன் ஜோங்காவை மொழியியலாளர் ஜார்ஜ் வான் ட்ரீம் வகுத்தார். ஜோங்கா வளர்ச்சி ஆணையம் அதனை ஏற்றபோதும், மரபெழுத்தின் இடத்தை அது பெறவில்லை.

ஒலிப்பொருத்தம் என்னும் அளவுகோல்

ஒலிப்பொருத்தமே அளவுகோலாயின், இரு மொழிகளும் ஒரே முடிவை எட்டியிருத்தல் வேண்டும்; ஒலிக்கும் எழுத்துக்கும் இடைவெளி மிகுந்த ஜோங்காவே முதலில் மாறியிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. அம்ஹாரிக் மொழியும் இதற்குச் சான்றாகும். அதில் ‘அவன் சொன்னான்’ என்பதும் ‘இருக்கிறது’ என்பதும் இரட்டிப்பால் மட்டுமே வேறுபடும் சொற்கள். எழுத்தில் இரண்டும் ஒன்றே. ஆயினும் அம்மொழியினர் எத்தியோப்பிய எழுத்தைக் கைவிட முற்படவில்லை. ஆகவே ஒரோமோவின் தேர்வுக்கு மொழியியல் காரணம் துணைக்காரணமே. தம் மொழியை விலக்கிவைத்த ஆட்சியின் எழுத்திலிருந்து விடுபடும் விழைவே முதற்காரணம் எனல் பொருந்தும். ஜோங்காவிலோ எழுத்து சமய நூல்களோடும் மடங்களோடும் பிணைந்த உடைமை. அதனை மாற்றுவது எளிமையை ஈட்டி மரபை இழப்பதாகவே அச்சமுதாயத்திற்குத் தோன்றும்.

எனினும் எழுத்துத் தேர்வு மட்டுமே மொழியின் வாழ்வை உறுதிசெய்துவிடாது. குபே பரவியதற்குக் காரணம் அதன் வடிவன்று; ஒரோமியா மாநிலத்தில் தொடக்கக் கல்வியும் ஆட்சியும் அம்மொழியில் நடைபெறத் தொடங்கியமையே. 2020இல் கூட்டாட்சியின் பணிமொழிகளுள் ஒன்றாக ஒரோமோ அறிவிக்கப்பட்டதும் இத்தொடர்ச்சியில் வைத்துக் காணத்தக்கது. மாறாக, 2008ஆம் ஆண்டின் பூட்டான் அரசியலமைப்பு ஜோங்காவைத் தேசிய மொழியென அறிவிக்கிறது. பள்ளிப் பயிற்றுமொழியோ ஆங்கிலம். ஜோங்கா ஒரு பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. கிழக்கே ட்ஷங்லாவும் தெற்கே நேபாளியும் பேசும் மாணவர்க்கு அது தாய்மொழியும் அன்று. அவர்தம் இடர்ப்பாட்டிற்கு எழுத்துக்கூட்டலின் கடுமையை மட்டும் காரணமாக்குவது, பயிற்றுமொழி பற்றிய வினாவை மறைப்பதாக முடியும்.

முடிவுரை

ஒரு காலத்தில் விலக்கப்பட்டிருந்த மொழி வகுப்பறையைப் பெற்று வளர்கிறது. அரசின் முழு ஆதரவு பெற்ற மொழி வகுப்பறையில் ஒரு பாடவேளையளவில் நிற்கிறது. எழுத்துமுறையை மதிப்பிடுவோர் ஒலிப்பொருத்தத்தோடு வேறு இரண்டையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்: அவ்வெழுத்து அம்மொழியினரை எம்மரபோடு இணைக்கிறது அல்லது எதனின்று விடுவிக்கிறது என்பது ஒன்று, அவ்வெழுத்தில் எழுதவும் படிக்கவும் அன்றாட வாழ்வில் எத்துணைக் களங்கள் உள்ளன என்பது மற்றொன்று. தமிழை உரோமன் எழுத்தில் எழுதலாம் என்னும் கருத்து அவ்வப்போது எழுகிறது. குறிலும் நெடிலும் ஒற்றும் இரட்டிப்பும் தெளிவுறக் காட்டும் எழுத்தை உடைய தமிழுக்கு, ஒரோமோ மாற்றத்திற்குரிய மொழியியல் காரணமும் இல்லை. அரசியல் காரணமும் இல்லை. ஜோங்கா உணர்த்தும் பாடமே தமிழாய்வாளர் கருத்திற்குரியது: பெருமையால் மட்டும் ஒரு மொழி பயன்பாட்டில் நிலைபெறாது, கல்விக்கூடத்தில் அது பெறும் இடமே அதனை நிலைநிறுத்தும்.