இலையோடு வருபவருக்கு யார் பதில் சொல்வது?

நீட் கைகொடுக்காத வீடுகளில் அடுத்து எழும் பேச்சு பெரும்பாலும் 'அக்ரி'தான். பிள்ளை உயிரியல் படித்திருக்கிறது, பொறியியலில் நாட்டமில்லை. நான்கு வருடத்தில் பட்டம், அப்புறம் வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, முடிந்தால் யுபிஎஸ்சி. கணக்கு சரிதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பிளஸ் 2 மதிப்பெண்ணை 200-க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுவதால், வீட்டுப் பேச்சும் கட்-ஆஃப் எவ்வளவு, கோவையா மதுரையா என்பதோடு முடிந்துவிடுகிறது. சேர்ந்த பிறகு எம்பிபிஎஸ் இடம் கிடைத்து டிசி வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்களும் உண்டு. அந்த நாற்காலி அதற்குப் பிறகு பெரும்பாலும் காலிதான்.

இன்னொரு பக்கம், பாரம்பரிய நெல், நாட்டு மாடு, பஞ்சகவ்யம் என்று யூடியூபில் ஊறிய ஆர்வத்தோடு வருகிற பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பில் அவர்களுக்குக் காத்திருப்பது மண்ணியல், மரபியல், நூற்புழுவியல், புள்ளியியல். வேதியியலை வெறுக்கிற பிள்ளை மண்ணை எவ்வளவு நேசித்தாலும் இரண்டாம் பருவத்திலேயே திணறும்.

இரு சாராரும் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் பட்டம் ஆளை எதற்குத் தயார்செய்கிறது? பயிர் செய்வதற்கு இந்த நாட்டில் யாரும் பட்டம் கேட்டதில்லை. பயிர் செய்கிறவர் வந்து கேட்கும்போது பதில் சொல்ல ஒருவர் வேண்டும், அதற்குத்தான் இந்தப் படிப்பு.

சம்பா பருவத்தில், ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், டெல்டாவின் ஏதாவது ஒரு பூச்சிமருந்துக்கடை வாசலில் நின்று பாருங்கள். ஒருவர் கேரிபேக்கில் நாலு நெல்லிலையைச் சுருட்டிக்கொண்டு வருவார். நுனியிலிருந்து ஓரமாக மஞ்சளாகி, அலையலையாகக் காய்ந்த இலை. "என்ன மருந்து அடிக்கலாம்ணே?" கடைக்காரர் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்து வைக்கிறார், கலந்து அடிக்கச் சொல்கிறார். அது பாக்டீரியா இலைக்கருகலாக இருந்தால் பூச்சிமருந்தும் கேட்காது, வழக்கமான பூஞ்சைமருந்தும் கேட்காது. படித்தவர் முதலில் கேட்க வேண்டியது, "யூரியா எவ்வளவு போட்டீங்க?" என்பதைத்தான். தழைச்சத்து கூடினால் இந்த நோயும் கூடும். சந்தேகம் இருந்தால் இலையை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் விட்டு வெட்டுவாயை அதில் முக்கலாம். பாக்டீரியா என்றால் சற்று நேரத்தில் பால்போல இழை இறங்கும். ஒரு பைசா செலவில்லை. வீணாகவிருந்த இரண்டு பாட்டில் காசு மிச்சம்.

நான்கு வருடப் படிப்பின் மதிப்பு அந்த டம்ளரில் இருக்கிறது என்பேன். ஆனால் டம்ளரை எடுக்கத் தெரிந்தவர் அந்த வாசலில் இல்லை. வங்கியிலோ போட்டித்தேர்வு மையத்திலோ இருக்கிறார். இத்தனைக்கும், பூச்சிமருந்து விற்க வேளாண்மையோ தொடர்புடைய அறிவியலோ படித்திருக்க வேண்டும் என்று 2015-இல் விதி திருத்தப்பட்டது. ஏற்கெனவே கடை வைத்திருப்போருக்காக 'டேசி' என்ற ஓராண்டு டிப்ளமோவும் நடக்கிறது. வேளாண் பட்டதாரிகளே கிளினிக்போல ஆலோசனை மையம் வைக்க 2002 முதல் மத்திய அரசின் திட்டம் உண்டு: 45 நாள் பயிற்சி, தனிநபருக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு வங்கிக் கடனோடு 36 சதவீத மானியம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 44 சதவீதம். கலந்தாய்வுக்குப் பிள்ளையை அழைத்துப் போகும் எத்தனை பெற்றோர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

அரசு வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் நல்ல அலுவலர் ஒருவர் இருந்தால் அந்த வட்டாரத்தின் பயிரே வேறு மாதிரி நிற்கும். வங்கியின் வேளாண் அதிகாரிக்கும் வயல் தெரிந்திருந்தால் கடன் விண்ணப்பத்தைப் படிக்கும் கண் மாறும். எந்த நாற்காலி என்பதல்ல சிக்கல். அந்த நாற்காலியிலிருந்து வயல் தெரிகிறதா என்பதுதான்.

அப்படி வயலைப் பார்த்து வழி தேர்ந்த இருவரைச் சொல்லலாம். வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் மருத்துவரின் மகன். திருவனந்தபுரத்தில் விலங்கியல் முடித்தவர், 1943 வங்கப் பஞ்சம் உலுக்கியதால் மருத்துவத்தை விட்டுக் கோவை வேளாண் கல்லூரிக்கு வந்தார். பிறகு ஐபிஎஸ்ஸுக்குத் தேர்வாகியும் போகாமல் மரபியல் ஆய்வுக்கு நெதர்லாந்து சென்றார். நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் பட்டதாரி. 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைபார்த்தவர், அங்கே நடக்கும் ஆய்வு மானாவாரி உழவருக்கு உதவாது என்று கண்டு வெளியேறினார். ஒருவர் பசுமைப் புரட்சிக்கும் மற்றவர் இயற்கை வேளாண்மைக்குமாகப் போன பாதைகள் முட்டிமோதின. இன்றும் அவர்கள் பெயரைச் சொல்லிச் சண்டை நடக்கிறது. ஆனால் இருவருமே யாருக்காகப் படித்தோம் என்பதை முடிவுசெய்த பிறகே பாதையைத் தேர்ந்தார்கள்.

யாருக்காகப் படிக்கிறோம் என்பதைக் கண்டுகொள்ளப் பாடத்திட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. இறுதியாண்டில் மாணவர்கள் கிராமத்தில் தங்கும் ஊரக வேளாண் பணி அனுபவம். உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு, அந்தக் கரைசலில் விதைநெல்லைக் கொட்டிப் பதர் பிரித்துக் காட்டுவார்கள். ஊர்ப் பெரியவர்கள், "இது எங்களுக்குத் தெரியாதா பாப்பா?" என்று சிரிப்பார்கள். சிலருக்குத் தெரியும், பலர் செய்வதில்லை. ஏன் செய்வதில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் மாணவிக்கு அந்த நாட்கள் பயன்படும். நோட்டை நிரப்பிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு அது சுற்றுலா. நாற்று நடும் பெண்கள் ஆண் அலுவலரிடம் சொல்லாத கூலி, முதுகுவலிக் கதைகளை இந்தப் பெண்பிள்ளைகளிடம்தான் சொல்கிறார்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத வேளாண் பொருளியல் அது.

இனி, சேருவோருக்கு. வேளாண்மை கிடைக்கவில்லை என்று தோட்டக்கலையையோ வனவியலையோ வேளாண் பொறியியலையோ மட்டமாக நினைக்க வேண்டாம். சொட்டுநீர், குளிர்பதனம், பழக்கூழ் என்று வேலை அங்கேதான் பெருகுகிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு வேளாண் படிப்புக்கும் உண்டு. கோவையில் தமிழ்வழிப் பட்டமும் இருக்கிறது. நான்கு வருடம் முடியாதவர்களுக்கு இரண்டாண்டு டிப்ளமோ. உதவி வேளாண் அலுவலர் பணிக்கு அதுதான் வாசல். தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டும் முன் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், கூடவே கல்லூரிப் பண்ணையையும் நேரில் போய்ப் பாருங்கள். பெயர்ப்பலகைக்குப் பின்னால் பயிர் நிற்கிறதா, மாணவர்களுக்குத் தனித்தனியாகப் பாத்தி பிரித்துக் கொடுத்திருக்கிறார்களா, மண் பரிசோதனைக் கூடம் பூட்டியிருக்கிறதா என்பதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.