இசக்கியின் கை

வடிவேலு இத்தனை காலம் சிரிக்க வைத்தார், 'மாமன்னன்' படத்தில்தான் நடித்தார் என்கிறார்கள். 2023 ஜூன் மாதம் மாரி செல்வராஜின் அந்தப் படம் வந்ததிலிருந்து விமர்சகர், யூடியூப்காரர், பாட்காஸ்ட்டில் மைக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எல்லாருக்கும் இதே பல்லவி. அப்படியானால் முப்பது வருசம் அவர் செய்ததற்கு என்ன பெயர்? அது கிடக்கட்டும். அவரை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள்?

1991இல் 'என் ராசாவின் மனசிலே'. அடுத்த வருசம் 'சின்ன கவுண்டர்': விஜயகாந்துக்குக் குடை பிடிக்கிற ஆள். அதே 1992 தீபாவளிக்கு 'தேவர் மகன்'. பெரிய வீட்டுப் பிள்ளை சொன்னார் என்று இசக்கி கோயில் பூட்டைத் திறக்கிறான். திறக்கச் சொன்னவர் கை பத்திரமாக இருக்கிறது. திறந்தவன் கை போய்விடுகிறது. இசக்கி என்ன சாதி? படம் வாயைத் திறக்கவில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியும்.

அப்புறம் முழுக்க அடிதான். 'வின்னர்' (2003) கைப்புள்ள அடி வாங்குவதற்கென்றே சங்கம் வைத்திருந்தார். 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்தது. 2019 மே மாதக் கடைசியில் அந்த நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்று ட்விட்டரே அதிர்ந்தது. விளையாட்டுதான், தெரியும். ஆனால் 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 கூலிக்காரர்களைச் சுட்டுத் தள்ளியதே, அதில் இந்த ஜவ்வாதுமலையிலிருந்து மரம் வெட்டப் போனவர்களும் உண்டே, அவர்களுக்காக யார் பிரார்த்தித்தது? கூலிக்காரன் தலையில் அடி விழுந்தால் சிரிக்கலாம் என்று பழக்கிவிட்ட சமூகத்தில் நிஜ அடி யார் காதிலும் விழுவதில்லை.

சிரிப்பே கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. மலையை விட்டு இறங்கினால் போளூர், செங்கம் பக்கம் பாரதக் கூத்து. அங்கே கட்டியக்காரன் இருக்கிறான். துரியோதனனே வந்தாலும் 'யாருய்யா நீ?' என்று கேட்பான். ராசா அவனுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் ஆட வேண்டும். நம்ம சனங்களின் சிரிப்பு அது, மேலே பார்த்து எறிகிற கல். அந்தக் கல் வடிவேலுவின் கையிலும் இருந்தது. சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி' (2006) பாருங்கள். சாதிச் சண்டைக்கு மைதானம் கட்டித் தருகிற ராசா! இந்த நாட்டு அரசியலை இதைவிடச் சுருக்கமாக எவன் சொல்லியிருக்கிறான்?

2011 தேர்தலில் தி.மு.க. மேடையேறி விஜயகாந்தை வறுத்தெடுத்தார். அது சரியான அரசியலா என்பது வேறு விசயம். ஒரு காலத்தில் குடை பிடித்தவன் குடைக்குக் கீழே நின்றவரைக் கேள்வி கேட்டான். ஆட்சி மாறியது, படங்கள் போயின. கை மட்டும்தான் வெட்டுப்படுமா என்ன?

மாமன்னன் இசக்கிதான் என்பதை மாரி செல்வராஜே சொல்லிவிட்டார். தனித்தொகுதி எம்.எல்.ஏ., ஆனால் கட்சிக்காரன் வீட்டில் உட்கார நாற்காலி கிடையாது. மகன் உட்காரச் சொல்கிற இடம் தமிழ் சினிமாவுக்குப் புதுசு. கடைசியில் அவர் சபாநாயகர் ஆகும்போது ராசிபுரம் தனபாலை நினைக்காதவர் இல்லை. தனபால் 2012 முதல் 2021 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். இவ்வளவுக்கும் பிறகு நடந்தது என்ன? ஆதிக்க சாதி இளைஞர்கள் வில்லன் ரத்தினவேலுவை வெட்டி ஒட்டி, சாதிப் பாட்டுப் போட்டு வீரனாக்கிச் சுற்றுக்கு விட்டார்கள். இசக்கிக்குச் சிரித்த அதே கூட்டம்.

மாரி செல்வராஜிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. மாமன்னனுக்கு நாற்காலியைக் கொடுத்தார், சிரிப்பைப் பிடுங்கிக்கொண்டார். நம்ம ஆள் மரியாதைக்குரியவன் ஆக வேண்டுமென்றால் முகத்தை இறுக்கிக்கொண்டு, கண் கலங்கி நிற்க வேண்டும் என்று யார் விதித்தது? சேரியில் சாவு வீட்டில்கூட நக்கல் பேசுகிற கிழவிகள் இருக்கிறார்கள். அந்த வாயோடு ஒருவன் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே நிற்கிற ரத்தினவேலுகளைப் பார்த்து 'யாருய்யா நீ?' என்று கேட்டிருந்தால், அந்தக் காட்சியை எவனாலும் வெட்டி ஒட்டியிருக்க முடியாது. எழுதத் தெரிந்த நம்ம பிள்ளைகள் யாராவது வடிவேலுக்கு அதை எழுதிக் கொடுங்கள். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.